காலுறைக்குள் ஒளிந்த சாட்சி

நிறவெறியின் நெடுங்கதை: அத்தியாயம் 21

ஷார்ப்வில் என்ற ஊரில், 1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் தேதி, அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் போலீஸ் நிலையத்தின் எதிரே திரண்டிருந்த நிராயுதபாணிகளான ஜனங்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்து 69 உயிர்களைப் பறித்த தென்னாப்பிரிக்க சர்க்கார், அதன்பின் தலைவர்களை ராபன் தீவுச் சிறையில் அடைத்தும், அவர்களுடைய ஸ்தாபனங்களைச் சட்டவிரோதமானவை என்று கலைத்தும், எஞ்சியவர்களை அந்நிய தேசங்களுக்குத் துரத்தியும், நாடெங்கும் ஒருவகை மயான அமைதியை நிலைநாட்டி, அதற்குச் சட்டமும் ஒழுங்கும் என்று நாமகரணமும் செய்துவிட்டதைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம். அந்த அமைதி பதினாறு வருஷங்கள் நீடித்தது. அதைக் கலைத்தவர்கள், சீருடை அணிந்து, கையால் எழுதிய அட்டைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு குளிர்காலக் காலைப்பொழுதில் பாடியபடியே தெருவில் இறங்கிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை உலகம் ஒரு புகைப்படத்தின் வாயிலாக அறிந்துகொண்டது. அந்தப் படத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். நடுவே வரும் இளைஞன் வேதனையால் முகம் கோணி, வாய்விட்டுக் கதறியவாறு, நம்மை நோக்கி விரைகிறான். உறங்கிப்போன குழந்தையைத் தாய் தூக்கி வருவதுபோல் அவன் இரு கைகளிலும் ஏந்தி வரும் சிறுவன், உடல் துவண்டு கிடக்கிறான். பக்கத்தில் சீருடையணிந்த ஒரு பெண், ஓடிக்கொண்டே, உள்ளங்கையை விரித்து உயர்த்தி அலறுகிறாள். வருகிற ஆபத்தைத் தடுக்கிறாளா, யாரையேனும் உதவிக்கு அழைக்கிறாளா, நேர்ந்துவிட்டதை நேரவில்லை என்று மறுக்கிறாளா என்று எவராலும் சொல்ல முடியாதபடி அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

கிளர்ச்சியைக் காட்டும் படம் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுகிற கொடிகளும், ஓங்கிய முஷ்டிகளும், எரிகிற வாகனங்களும் இதில் கிடையா. அன்று ஜோஹானஸ்பர்க் நகரத்தை அடுத்த ஸோவெட்டோவின் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அவர்களில் மூவரைத்தான் படம் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் பிரஜைகளைத் தொகை தொகையாக எண்ணி, இனவாரியாகப் பதிவேட்டில் ஏற்றி, தொகையாகவே ஆண்டு பழகிய ஒரு ராஜ்யத்தின் முகத்துக்கு எதிரே ஒரே ஒரு சிறுவனைத் தூக்கிக் காட்டியதுதான் அந்தப் படத்தின் பலம் என்பதும், அந்த ஒருவனைக் காட்டியதற்காகவே அதில் சம்பந்தப்பட்டவர்கள் பின்னால் பெரும் விலை கொடுக்க நேர்ந்தது என்பதும் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்பும் விஷயங்கள்.

மின்சாரம் இல்லாத மாநகர்

ஜோஹானஸ்பர்க் நகரம் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமில்லாத ஊரன்று. காந்தியடிகள் 1906ஆம் ஆண்டு ஒரு நாடகக் கொட்டகையில் கூடிய இந்தியர்களோடு சேர்ந்து, அநீதியான சட்டத்துக்குப் பணிவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்ட ஊர் அது. சிறையிலிருந்து நோயோடு திரும்பி, 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில், பதினாறே வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மை பிறந்ததும் மடிந்ததும் அதே ஊரில்தான். அந்த நகரத்தின் தங்கச் சுரங்கங்களுக்கும், தொழிற்சாலைகளுக்கும், வெள்ளையர் வீட்டு அடுக்களைகளுக்கும் கறுப்பு மக்களின் உழைப்பு வேண்டியிருந்தது. அவர்களுடைய வாசம் மட்டும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே பகலில் வேலை வாங்கிக்கொண்டு இரவில் அனுப்பிவைப்பதற்கென்று, நகரத்துக்குத் தென்மேற்கே, வரிசை வரிசையாகத் தீப்பெட்டிகளை அடுக்கினாற்போன்ற சிறு வீடுகளைக் கட்டினார்கள். 'தென்மேற்குக் குடியிருப்புகள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து 1963இல் அந்தக் குடியிருப்புகளுக்கு இட்ட பெயரே ஸோவெட்டோ. மனிதர்கள் வாழும் ஊருக்குப் பெயர் வைத்தது போலவா இருக்கிறது? திசையைக் குறித்து மூட்டைக்கு அடையாளம் எழுதியது போல் இருக்கிறது.

எழுபதுகளில் அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வசித்ததாகக் கணக்கு. ஒர்லாண்டோ மின்சார நிலையம் ஸோவெட்டோவின் எல்லையில்தான் புகை கக்கிக்கொண்டு நின்றது. அதன் மின்சாரம் ஜோஹானஸ்பர்க் நகரத்துக்குப் போயிற்று. நிலையத்தின் நிழலில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் ஏற்றிப் படித்தார்கள்.

பாஷையின் நுகத்தடி

அந்த விளக்கின் அடியில் அமர்ந்த பிள்ளைகள் எதைப் படிக்கலாம், எது வரையில் படிக்கலாம் என்பதையும் சர்க்கார் முன்கூட்டியே தீர்மானித்திருந்தது. 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தவர், பிற்பாடு பிரதம மந்திரியான ஹென்ட்ரிக் வெர்வூர்ட். கறுப்புக் குழந்தைக்கு வெள்ளையர் சமூகத்தில் சிலவகைக் கூலி வேலைகளுக்கு மேற்பட்ட ஸ்தானம் கிடையாது, ஆகையால் அதற்கு மேற்பட்ட கல்வியும் அவசியமில்லை என்பது அவருடைய சித்தாந்தம். அதை அவர் ஒளித்துவைத்துச் செய்யவில்லை, சட்டசபையில் பகிரங்கமாகவே பேசினார். கிறிஸ்தவப் பாதிரிமார்கள் நடத்திவந்த பள்ளிக்கூடங்களில் பல சர்க்காரின் கைக்கு மாறின, பல மூடப்பட்டன. இந்தச் சித்தாந்தத்தின் பலனை 1975ஆம் ஆண்டின் செலவுக் கணக்கில் பார்க்கலாம்: ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு சர்க்கார் செலவழித்தது 644 ராண்டு; ஒரு கறுப்புக் குழந்தைக்கு 42 ராண்டு. 1976இல் நடுநிலைப் படிப்பின் முதல் வகுப்பில் சேர்ந்த கறுப்பு மாணவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். இருந்த இடமோ 38,000 பேருக்குத்தான்.

இத்தனைக்கும் மேலாக வந்து விழுந்தது 1974ஆம் ஆண்டின் உத்தரவு. நடுநிலைப் பள்ளிகளில் பாதிப் பாடங்களை ஆங்கிலத்திலும் பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் பாஷையிலும் போதிக்க வேண்டும். கணிதமும் சமூக சாஸ்திரமும் ஆப்பிரிக்கான்ஸில்தான் நடக்க வேண்டும். தாய்ப்பாஷைகளுக்கு மதபோதனை, சங்கீதம், தேகப்பயிற்சி ஆகிய மூன்றே போதும் என்றது அந்த உத்தரவு. கற்பிக்க வேண்டிய உபாத்தியாயர்களிலேயே பலருக்கு அந்தப் பாஷையில் பயிற்சி இல்லை. இரண்டு பாஷைகளோடு ஏற்கெனவே மல்லுக்கு நின்றுகொண்டிருந்த பிள்ளைகள், இனி மூன்றாவதொரு பாஷையில் கணக்குப் போட்டுத் தேற வேண்டும், தேறாவிட்டால் கூலி வேலைக்குப் போக வேண்டும் என்ற நிலை. அனுமதிச் சீட்டைக் கேட்டு வழிமறிக்கும் போலீஸ்காரனும், வேலைக்கு உத்தரவு கொடுக்கும் குமாஸ்தாவும், சிறைக் காவலனும் பேசிய பாஷை அது. பிள்ளைகள் அதை அதட்டலாகவும் வசவாகவுமே கேட்டு வளர்ந்தார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்கான்ஸ் பாஷைமீது குற்றம் ஒன்றும் இல்லை. டச்சுக் குடியேற்றக்காரர்களின் பேச்சிலிருந்து ஆப்பிரிக்க மண்ணிலேயே முளைத்துக் கிளைத்த பாஷை அது. கலப்பினத்தார் என்று சர்க்கார் பெயரிட்ட லட்சக்கணக்கான ஏழை ஜனங்களுக்கும் அது தாய்ப்பாஷை. அதைப் பேசிய போயர்களும் ஒரு காலத்தில் இதே துன்பத்தை அனுபவித்தவர்களே. 1902இல் முடிந்த போயர் யுத்தத்தில் அவர்களை வென்ற பிரிட்டிஷார், பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தைத் திணித்தார்கள். வகுப்பில் தாய்ப்பாஷை பேசிய போயர் குழந்தைகள் அவமானப்படுத்தப்பட்டுத் தண்டனை பெற்றார்கள். அந்த வடு ஆறாமல் போராடி 1925இல் தங்கள் பாஷைக்கு ராஜ்ய பாஷை என்ற அந்தஸ்தைப் பெற்றவர்களின் வாரிசுகள்தாம், அரை நூற்றாண்டு கழிவதற்குள், வேறு பிள்ளைகளின் நாவின்மேல் அதே நுகத்தடியைப் பூட்டினார்கள். தாம் பட்ட அவமானம் மனிதனுக்கு இரக்கத்தைக் கற்பிக்கும் என்று நாம் எண்ணுகிறோம்; சரித்திரம் அந்த எண்ணத்தைப் பல இடங்களில் பொய்யாக்கியிருக்கிறது. அவற்றில் இதைவிடக் கசப்பானது ஒன்று எனக்குத் தெரியவில்லை.

எச்சரிக்கை செய்தவர்கள் இல்லாமற் போகவில்லை. ஜோஹானஸ்பர்க் தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்த டெஸ்மண்ட் டூட்டு, 1976 மே மாதத்தில் பிரதம மந்திரி வோர்ஸ்டருக்கு நீண்ட கடிதம் எழுதி, ஜனங்களின் பொறுமை எல்லை கடந்துகொண்டிருக்கிறது, ரத்தம் சிந்தும்படி நேரும் என்று அஞ்சுகிறேன் என்று மன்றாடினார். அதே மாதத்தில் ஸோவெட்டோவின் ஒர்லாண்டோ மேற்குப் பகுதியில் சிறு வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுத்துவிட்டார்கள். கல்வி இலாகாவின் உதவி மந்திரியாக இருந்த ஆண்ட்ரீஸ் ட்ருயர்னிக்ட் உத்தரவைத் தளர்த்த இணங்கவில்லை. பெரியவர்கள் எழுதிய கடிதத்துக்கும் பிள்ளைகள் காட்டிய மறுப்புக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது.

புதன்கிழமை காலை

ஜூன் 13, ஞாயிற்றுக்கிழமை. ஒர்லாண்டோவிலிருந்த ஒரு சமூக மண்டபத்தில் மாணவர் பிரதிநிதிகள் கூடினார்கள். மாரிஸ் ஐசாக்சன் உயர்நிலைப் பள்ளியின் மாணவனும், பத்தொன்பது வயதே ஆன வாக்குவன்மை மிக்க இளைஞனுமான ட்ஸியெட்ஸி மஷினினி, வருகிற புதன்கிழமையன்று எல்லாப் பள்ளிகளும் ஒன்றுசேர்ந்து ஊர்வலம் போவோம் என்று பிரேரணை செய்ய, அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஊர்வலம் சமாதானமாக நடக்க வேண்டும் என்பது தீர்மானம். பெற்றோருக்குச் சொல்வதில்லை என்பதும் தீர்மானம். ஏனெனில் விடியுமுன் ரயிலேறி வெள்ளையர் நகரத்துக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்தந்தையர், ஷார்ப்வில்லை நினைவில் வைத்திருப்பவர்கள், தெரிந்தால் தடுத்துவிடுவார்கள். மூன்று நாள், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்கள்.

ஜூன் 16, புதன்கிழமை. நலேடி உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஓர் அணி, மாரிஸ் ஐசாக்சனிலிருந்து ஓர் அணி, வழிநெடுகிலும் இருந்த பள்ளிகளிலிருந்து சேர்ந்துகொண்ட அணிகள் என்று, பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகையினராக மதிப்பிடப்பட்ட மாணவர்கள் ஒர்லாண்டோ மேற்கு நோக்கி நடந்தார்கள். அங்கிருந்து ஒர்லாண்டோ விளையாட்டு அரங்குக்குப் போய்க் கூட்டம் நடத்துவது அவர்களுடைய உத்தேசம். ஆப்பிரிக்கான்ஸ் ஒழிக என்று சில அட்டைகள் முழங்கின; நாங்கள் ஆப்பிரிக்கான்ஸ் படிக்க வேண்டுமானால் வோர்ஸ்டர் ஜூலு படிக்கட்டும் என்று ஓர் அட்டை நியாயம் கேட்டது.

விலகாசி தெருவின் அருகே போலீஸார் வழிமறித்து நின்றார்கள். ராபன் தீவில் அப்போது பன்னிரண்டு வருஷங்களாகக் கல்லுடைத்துக்கொண்டிருந்த நெல்சன் மண்டேலாவின் வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. பிள்ளைகள் 'ஆப்பிரிக்காவை இறைவன் ஆசீர்வதிக்கட்டும்' என்னும் பொருளுடைய கீதத்தைப் பாடினார்கள். போலீஸார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். வேட்டை நாயை ஏவினார்கள். பிள்ளைகள் அந்த நாயைக் கொன்றார்கள். பிறகு துப்பாக்கிகள் வெடித்தன.

அன்று முதலில் வீழ்ந்தவன் ஹேஸ்டிங்ஸ் ந்ட்லோவு என்ற பதினைந்து வயது மாணவன் என்று இப்போது கருதுகிறார்கள். அவன் விழுந்த இடத்தில் புகைப்படக்காரர் எவரும் இல்லை. ஆகவே வெகுகாலம் உலகம் அவன் பெயரை அறியவில்லை. அறிக்கைகளில் அவன் ஓர் எண்ணாக மட்டும் இருந்தான்.

இன்னொரு சிறுவன் ஹெக்டர் பீட்டர்சன். வயது பன்னிரண்டு. ஆரம்பப் பள்ளி மாணவன். அந்த ஊர்வலத்துக்கு அவனை யாரும் அழைக்கவில்லை. பெரிய பிள்ளைகள் பாடிக்கொண்டு போவதைக் கண்டு பின்னால் வந்துவிட்ட சிறுவர்களில் அவனும் ஒருவன். அவன் குடும்பத்தின் பழைய பெயர் பிட்சோ. கலப்பினத்தார் என்று கருதப்பட்டால் கிடைக்கக்கூடிய சொற்பச் சலுகைகளை நாடி, பீட்டர்சன் என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்ன இனத்தான் என்று பதிவேட்டில் எழுதுவதையே ராஜ தர்மமாகக் கொண்ட ஒரு நாட்டில், ஏழைக் குடும்பம் ஒன்று தன் பெயரைக்கூடத் தன்னதாக வைத்துக்கொள்ள முடியவில்லை. கூட்டத்தில் தம்பியைக் கண்ட பதினேழு வயது அக்காள் அன்டோய்னெட், இங்கேயே நில், உன்னை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பியதற்குள் வெடிச் சத்தம் கேட்டது, ஜனங்கள் சிதறி ஓடினார்கள், தம்பியைக் காணவில்லை. சற்றைக்கெல்லாம் யாரோ ஓர் இளைஞன் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டாள். முகம் தெரியவில்லை. காலில் இருந்த பாதரட்சையை அடையாளம் கண்டுகொண்டாள். அந்த க்ஷணத்திலிருந்து அவள் ஓடியதுதான் படத்தில் இருக்கிற ஓட்டம்.

தூக்கி வந்தவன் ம்புயிசா மக்கூபோ. வயது பதினெட்டு. ஹெக்டரை அவனுக்கு அதற்கு முன் தெரியாது.

ஆறு படங்கள்

அவர்களுக்கு எதிரே புகைப்படக் கருவியோடு நின்றவர் சாம் ந்ஸிமா. 1934இல் லில்லிடேல் என்ற கிராமத்தில் பிறந்து, பள்ளி உபாத்தியாயர் ஒருவரிடமிருந்த படப் பெட்டியைக் கண்டு சிறு வயதிலேயே ஆசைகொண்டு, ஜோஹானஸ்பர்க் ஓட்டல்களில் எடுபிடி வேலை செய்துகொண்டே அந்தக் கலையைக் கற்று, 1968இல் கறுப்பு மக்களுக்கான 'தி வேர்ல்ட்' பத்திரிகையில் இடம் பெற்றவர். அந்தப் புதன்கிழமை விடியற்காலையிலேயே நிருபர் சோஃபி டெமாவுடன் ஸோவெட்டோவுக்கு வந்துவிட்டவர், சிறுவன் விழுந்ததையும், இளைஞன் அவனை வாரி எடுத்ததையும் கண்டு, தம்முடைய பெண்டாக்ஸ் கருவியால் அடுத்தடுத்து ஆறு படங்கள் எடுத்தார். ஹெக்டரைப் பத்திரிகையின் காரிலேயே ஏற்றி அருகிலிருந்த மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

போலீஸார் படச்சுருள்களைப் பறிப்பார்கள் என்பது ந்ஸிமாவுக்குத் தெரியும். கருவியிலிருந்து சுருளைக் கழற்றித் தம் காலுறைக்குள் செருகிக்கொண்டு, கருவியில் வேறு சுருளை மாட்டிவைத்தார். பின்னர் போலீஸார் அவரை நிறுத்தி, கைக்கு அகப்பட்ட சுருள்களை வெளிச்சத்தில் இழுத்து நாசம் செய்தார்கள். காலுறைக்குள் இருந்தது மட்டும் தப்பி, பத்திரிகை ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆசிரியர் குழுவில் விவாதம் எழுந்தது. இதைப் பிரசுரித்தால் நாடே பற்றி எரியாதா என்று ஒரு சாரார் அஞ்சினார்கள். பிரசுரிக்காவிட்டால் நடந்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிடாதா என்பது மறு சாராரின் கேள்வி. பெர்சி கொபோசா ஆசிரியராக இருந்த அந்தப் பத்திரிகை, அன்றைய பதிப்பிலேயே படத்தை வெளியிட்டது. மறுநாள் அது கண்டங்கள் தோறும் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாக ஆரம்பமானதே அந்த வருஷம் ஜனவரியில்தான். அதுவும் சர்க்காரின் பிடியில் இருந்தது. போலீஸார் தற்காப்புக்காகவே சுட்டார்கள், கலகக்காரர்களை அடக்கினார்கள் என்று சர்க்கார் தரப்பு சொல்லிவந்தது. கலகக்காரர்கள் என்ற சொல் ஆயிரக்கணக்கானவர்களைக் குறிக்கும்போது அதை நம்புவது சுலபம். கூட்டத்தைப் பற்றி எதையும் சொல்லலாம். ஆனால் பத்திரிகையை விரித்தவர்கள் கண்டது பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை. இவனா கலகக்காரன், இவனிடமிருந்தா ஆயுதம் தாங்கிய போலீஸார் தங்களைக் காத்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு எந்த அறிக்கையாலும் விடை சொல்ல முடியவில்லை. மூன்று நாளில், ஜூன் 19ஆம் தேதி, ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை தென்னாப்பிரிக்க சர்க்காரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று.

கோபம் கண்ணை மறைத்தபோது

அன்று மாலையே ஸோவெட்டோ பற்றிக்கொண்டது. நிர்வாக ஆபீஸுகளும், நிர்வாகம் நடத்தி வருமானம் பார்த்துவந்த மதுக்கடைகளும் தீக்கிரையாயின. தங்கள் தகப்பன்மார்களின் கூலியை விழுங்கிய கடைகள் என்று பிள்ளைகள் அவற்றைக் கொளுத்தினார்கள். அடுத்த நாள் விட்வாட்டர்ஸ்ராண்டு சர்வகலாசாலையின் வெள்ளை மாணவர்கள் சில நூறு பேர், கறுப்புப் பிள்ளைகளைச் சுட்டதைக் கண்டித்து ஜோஹானஸ்பர்க் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அலெக்சாண்ட்ரா, பிறகு கேப் டவுனின் லங்கா, குகுலேது என்று கிளர்ச்சி ஊர் ஊராகப் பரவிற்று.

இந்தக் கோபத்தின் நியாயத்தைச் சொல்கிறவன், அது செய்த அநியாயத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். டாக்டர் மெல்வில் எடெல்ஸ்டீன் என்ற வெள்ளையர் ஸோவெட்டோவில் சமூக நலப் பணி செய்துவந்தவர். அங்குள்ள இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய்ந்து, அவர்களுடைய மனக்கொதிப்பை வெள்ளையர் சமூகத்துக்கு எடுத்துரைத்து 1972இல் ஒரு நூலும் எழுதியவர். ஜூன் 16 அன்று அவர் கூட்டத்தின் கையில் அகப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அவர் யார் என்று அந்தக் கூட்டம் பார்க்கவில்லை. தோலின் நிறத்தை மட்டும் பார்த்தது. பிள்ளைகளை ஆண்ட சட்டம் அவர்களிடம் எதை மட்டும் பார்த்ததோ, அதையே அந்த நிமிஷத்தில் அவர்களுடைய கோபமும் பார்த்தது. ஹெக்டரின் படத்தைக் கண்டு அழுகிறவர்கள் எடெல்ஸ்டீனையும் நினைக்க வேண்டும். அப்போதுதான் அந்த அழுகைக்கு நேர்மை இருக்கும்.

ஆப்பிரிக்கான்ஸ் உத்தரவை சர்க்கார் ஜூலை மாதத் தொடக்கத்தில் வாபஸ் வாங்கியது. சில வாரங்களுக்கு முன் அதைச் செய்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? எத்தனை பேர் இறந்தார்கள் என்பதிலேயே கணக்குகள் ஒத்துப்போகவில்லை. முதல் நாளில் 23 பேர் என்றது ஆரம்பக் கணக்கு. கிளர்ச்சியில் இறந்தவர்கள் 176 பேர் என்றது பின்னால் வந்த ஒரு கணக்கு. சில்லியே விசாரணைக் கமிஷன் 1980இல் அளித்த அறிக்கையில் அது 575 ஆயிற்று. எழுநூறை எட்டும் என்று மதிப்பிட்டவர்களும் உண்டு. இந்த எண்களை எழுதும்போது என் பேனா தயங்குகிறது; ஏனெனில் இவற்றில் எந்த எண்ணும் அந்தப் பாதரட்சையைப்போல் மனத்தைத் தைப்பதில்லை; அப்படித் தைக்கக்கூடிய ஒரு பாதரட்சை அந்த எண்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் இருந்தது.

விலை கொடுத்தவர்கள்

படம் உலகத்தைச் சுற்றிவந்தது. எடுத்தவர் சொந்த ஊரில் நடமாட முடியாதவரானார். ரகசியப் போலீஸார் தம்மைத் தேடுகிறார்கள், கருவியோடு கண்டால் சுடவும் தயங்கமாட்டார்கள் என்ற எச்சரிக்கை ந்ஸிமாவுக்கு வந்தது. வேலையை உதறிவிட்டு லில்லிடேலுக்குத் திரும்பினார். அங்கும் வீட்டுக் காவல் அவரைத் தொடர்ந்தது. அந்த நூற்றாண்டின் மகத்தான புகைப்படங்களில் ஒன்றை எடுத்தவர், கிராமத்தில் மதுக்கடை வைத்துப் பிழைத்தார். பத்திரிகைப் படக்காரராக அவருடைய வாழ்வு அத்துடன் முடிந்தது. 1977 அக்டோபர் 19ஆம் தேதி சர்க்கார் 'தி வேர்ல்ட்' பத்திரிகையையே தடை செய்து, கொபோசாவைச் சிறையில் வைத்தது. தாம் எடுத்த படத்தின் உரிமை ந்ஸிமாவின் கைக்கு வந்தது 1998இல்தான், அதாவது இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு. 2018 மே மாதம் அவர் காலமானார்.

ஊர்வலத்தைப் பிரேரணை செய்த மஷினினி, தலைக்கு விலை வைத்துத் தேடப்பட்ட நிலையில் நாட்டைவிட்டுத் தப்பி, தேசாந்தரங்களில் அலைந்து, 1990இல் கினி நாட்டில் இறந்தான். மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்த அதே வருஷம்.

ம்புயிசா மக்கூபோவின் கதை எல்லாவற்றிலும் துயரமானது. இறந்துபோன பையனைத் தூக்கியதைத் தவிர அவன் யாதொரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் படம் அவன் முகத்தை உலகுக்குக் காட்டிவிட்டது, போலீஸாருக்கும் காட்டிவிட்டது. அவர்கள் விடாது தொல்லை கொடுக்கவே, அவன் எல்லையைக் கடந்து போட்ஸ்வானாவுக்கும், அங்கிருந்து நைஜீரியாவுக்கும் போனான். 1978இல் அங்கிருந்து தாய்க்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பின் அவனைப் பற்றித் தாய்க்கு ஒரு தகவலும் இல்லை. எவனுடைய முகத்தைக் கோடானுகோடி ஜனங்கள் அறிவார்களோ, அவன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று அவனைப் பெற்றவளுக்குத் தெரியாமலே போயிற்று.

இன்று ஒர்லாண்டோ மேற்கில், சம்பவம் நடந்த இடத்துக்கு அருகே, ஹெக்டர் பீட்டர்சன் பெயரால் நினைவுச் சின்னமும், 2002இல் திறக்கப்பட்ட காட்சிசாலையும் இருக்கின்றன. ஜூன் 16 தென்னாப்பிரிக்காவில் இளைஞர் தினமாகப் பொது விடுமுறை. 1996ஆம் வருஷத்து அரசியல் சாசனம் பதினொரு பாஷைகளுக்குச் சம அந்தஸ்து வழங்கியது, ஜூலுவும் சோதோவும் ட்ஸ்வானாவும் அவற்றில் உண்டு, ஆப்பிரிக்கான்ஸும் உண்டு. அந்தப் பாஷையைப் பட்டியலிலிருந்து நீக்காமல் விட்டதை, பிள்ளைகள் சிந்திய ரத்தத்துக்குக் கிடைத்த மரியாதைகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். அவர்கள் எதிர்த்தது பலாத்காரத்தை என்பதை நாடு சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைந்த உண்மை அறியும் கமிஷனின் முன் 1996இல் ம்புயிசாவின் தாய் நொம்புலேலோ மக்கூபோ வந்து நின்றார். மகனை வீரன் என்று உலகம் போற்றுவது அவருக்குத் தெரியும். அவரோ அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. என் மகன் வீரன் அல்லன். விழுந்து கிடந்த பிள்ளையைத் தூக்குவது எங்கள் வழக்கத்தில் வீரச் செயல் அன்று, சகோதரன் செய்ய வேண்டிய கடமை. அவனைத் தாண்டிக் குதித்து ஓடியிருந்தால், அதை யாரேனும் பார்த்திருந்தால், அப்புறம் இந்த ஊரில் அவன் வாழ்ந்திருக்க முடியாது என்ற கருத்துப்பட அந்தத் தாய் பேசினார். தூக்கியதனாலேயே அந்த ஊரில் வாழ முடியாமற்போன மகனைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகள் அவை. 2004இல், மகன் திரும்பி வராமலே, அவர் கண்ணை மூடினார்.

பெரிய ராஜ்யமொன்று சட்டங்களும் பதிவேடுகளும் துப்பாக்கிகளும் வைத்துக்கொண்டு, விழுந்து கிடந்த பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தது. மின்சாரமில்லாத ஓர் ஊரின் வழக்கமோ, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைத் தாண்டிப் போக எவனையும் அனுமதிக்கவில்லை. ந்ஸிமாவின் காலுறைக்குள் ஒளிந்து தப்பிய சாட்சி இந்த வழக்கத்துக்கும் சேர்த்துத்தான் சாட்சி.

இந்தப் பிள்ளைகளுக்குத் தலை நிமிரக் கற்றுக்கொடுத்த கருத்துகளின் ஆசிரியனான ஸ்டீவ் பிக்கோ என்ற இளைஞன், ஸோவெட்டோ எழுச்சிக்கு அடுத்த வருஷம், 1977 செப்டம்பர் 12ஆம் தேதி, போலீஸ் காவலில் பட்ட அடியினால் இறந்தான். அவனுடைய கதையை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)